தட்டணு எண்ணிக்கை குறைந்தால் நோயெதிர்ப்பும் குறையுமா?

கேட்டவரின் நிலை இது: காய்ச்சலின்போது எடுத்த இரத்தப் பரிசோதனையில் தட்டணுக்களின் (பிளேட்லெட்) எண்ணிக்கை ஒரு மைக்ரோலிட்டருக்கு 90,000 என்று வந்திருக்கிறது, தட்டணுக்கள் இரத்தத்தை உறைய வைப்பதோடு நோயெதிர்ப்பிலும் பங்குகொள்கின்றன என்று அவர் அண்மையில் படித்திருக்கிறார், அப்படியானால் எண்ணிக்கை குறைந்த அந்த நாள்களில் தமது நோயெதிர்ப்பும் குறைந்திருந்ததா என்றும், இதயத்துக்காகத் தாம் நாள்தோறும் எடுத்துக்கொள்ளும் ஆஸ்பிரின் அதை மேலும் குறைக்குமா என்றும் கேட்கிறார். இரண்டு கேள்விகளாகத் தோன்றினாலும் அவற்றின் அடியில் இருப்பது ஒரே கேள்விதான்: தட்டணு உண்மையிலேயே ஒரு நோயெதிர்ப்பு அணுவா, ஆம் எனில் அது செய்யும் வேலை எது? இரத்தவியல் ஆய்வகத்திலும் இரத்த வங்கியிலும் பல ஆண்டுகள் பணியாற்றியவன் என்ற முறையில் இதற்கு விடை எழுதுகிறேன். நோயாளியை நேரில் பார்த்து மருந்து எழுதுவது என் பணியன்று. ஆகவே உங்கள் தனிப்பட்ட சிகிச்சை பற்றிய முடிவை உங்கள் மருத்துவரிடமே விட்டுவிடுகிறேன். சுருக்கமாகச் சொன்னால், தட்டணுக்கள் உள்ளார்ந்த நோயெதிர்ப்பில் பங்கேற்கின்றன என்பது இன்று ஐயத்துக்கு இடமில்லாத செய்தி. ஆனால் பரிசோதனைத் தாளில் அச்சாகும் எண்ணிக்கை அந்தப் பங்கின் அளவுகோல் ஆகாது. மேலும், அந்தப் பங்கின் நுட்பமான விவரங்களில் பெரும்பகுதி எலிகளிடமிருந்து அறியப்பட்டது.

தட்டணு என்பது எலும்பு மஜ்ஜையில் இருக்கும் மெகாகாரியோசைட் என்ற பேரணுவிலிருந்து பிரிந்து வரும், உட்கரு இல்லாத சிறு துண்டு. குறுக்களவு 2 முதல் 3 மைக்ரோமீட்டர். ஆயுள் 7 முதல் 10 நாள். வளர்ந்த ஒருவரின் உடல் ஒவ்வொரு நாளும் ஏறத்தாழ 10,000 கோடித் தட்டணுக்களை உருவாக்குகிறது. அவற்றில் மூன்றில் ஒரு பங்கு எப்போதும் மண்ணீரலில் தங்கியிருக்கிறது. இத்தாலியரான ஜூலியோ பிட்சொசேரோ 1882ஆம் ஆண்டில் இவற்றைத் தனி வகை அணுக்களாக அடையாளங்கண்டு, காயம்பட்ட இரத்தக் குழாயில் இவை ஒட்டிக்கொள்வதைக் காட்டினார். அதன்பின் ஒரு நூற்றாண்டுக்கு மேலாகத் தட்டணு என்றாலே இரத்தக் கசிவை அடைப்பது என்ற ஒரே எண்ணம் நிலைத்துவிட்டது. இங்கே ஒரு கணக்கை நினைவில் கொள்வது நல்லது. இயல்பான இரத்தத்தில் ஒரு மைக்ரோலிட்டருக்கு 1,50,000 முதல் 4,50,000 தட்டணுக்கள் இருக்கின்றன. நுண்ணுயிரை விழுங்கிக் கொல்வதில் முன்னணியில் நிற்கும் வெள்ளணுவான நியூட்ரோஃபிலோ 2,000 முதல் 7,500 வரைதான். ஆகவே இரத்த ஓட்டத்துக்குள் நுழையும் ஒரு பாக்டீரியா முதலில் மோதக்கூடிய அணு, சிவப்பணுவை விட்டுவிட்டால், பெரும்பாலும் தட்டணுவாகத்தான் இருக்கும். அப்படி மோதியதை ஒன்றும் அறியாமல் அது கடந்து போகும் என்று எண்ணுவதே வியப்புக்குரியது.

உள்ளார்ந்த நோயெதிர்ப்பு என்று நான் குறிப்பிடுவது, முன் அறிமுகம் தேவைப்படாமல், நுண்ணுயிர்களுக்குப் பொதுவான சில வேதி அடையாளங்களைக் கண்டவுடன் மணிக்கணக்கில், சில நேரம் நிமிடக்கணக்கில் எழும் எதிர்ப்பை. நியூட்ரோஃபில், மோனோசைட், திசுக்களில் தங்கியிருக்கும் மேக்ரோபேஜ், இரத்தத்தில் கரைந்திருக்கும் நிரப்புப் புரதங்கள் ஆகியவை இதன் முதன்மை உறுப்பினர்கள். இந்த எதிர்ப்பும் இரத்தம் உறைதலும் தனித்தனி ஏற்பாடுகள் என்பது நம் பாடநூல்கள் வசதிக்காகச் செய்துகொண்ட பிரிவு. குதிரைலாட நண்டு என்ற தொன்மையான கடல்வாழ் உயிரியின் உடல்நீரில் மிகுதியாக மிதப்பது ஒரே வகை அணுதான். பாக்டீரியாவின் வெளிச்சுவரில் உள்ள எண்டோடாக்சின் சிறிதளவு பட்டாலும் அது தன் உள்ளடக்கத்தைக் கொட்டி, சுற்றியுள்ள திரவத்தை உறைய வைத்து நுண்ணுயிரைச் சிறைப்படுத்துகிறது. ஊசி மருந்துகளில் எண்டோடாக்சின் கலந்திருக்கிறதா என்று பார்க்கும் சோதனை நெடுங்காலமாக இந்த அணுவின் சாற்றைக் கொண்டே செய்யப்பட்டு வந்தது. மீன்களுக்கும் பறவைகளுக்கும் தட்டணுவின் இடத்தில், உட்கரு உள்ள த்ராம்போசைட்டுகள் என்ற அணுக்கள் இருக்கின்றன. உட்கரு இல்லாத தட்டணு பாலூட்டிகளுக்கே உரியது. மனிதத் தட்டணுவின் நோயெதிர்ப்புப் பங்குக்கு இவையெல்லாம் சான்று ஆகிவிடா. எனினும் அடைப்பதும் காப்பதும் தொடக்கத்தில் ஒரே செயலாக இருந்தன என்று கருத இது வலுவான காரணம்.

இனி, தட்டணு நுண்ணுயிரை எப்படி உணர்கிறது என்பது. நியூட்ரோஃபிலும் மேக்ரோபேஜும் நுண்ணுயிரை அறியப் பயன்படுத்தும் டோல் வகை ஏற்பிகளில் பல, மனிதத் தட்டணுவிலும் உள்ளன. எண்டோடாக்சினை அறியும் நான்காம் எண் ஏற்பியும், பாக்டீரியாவின் கொழுப்புப் புரதங்களை அறியும் இரண்டாம் எண் ஏற்பியும் அவற்றில் நன்கு ஆராயப்பட்டவை. இவற்றோடு, ஆன்டிபாடி போர்த்திய நுண்ணுயிரைப் பற்றிக்கொள்ளும் ஏற்பி ஒன்றும் மனிதத் தட்டணுவில் இருக்கிறது. எலியின் தட்டணுவில் அது இல்லை என்பதைப் பின்னால் மீண்டும் சொல்வேன். தூண்டப்பட்ட தட்டணு தன்னுள் அடைத்து வைத்திருக்கும் சிறுமணிகளின் உள்ளடக்கத்தை வெளியேற்றுகிறது. ஒரு தட்டணுவில் ஆல்ஃபா சிறுமணிகள் 50 முதல் 80 வரை இருக்கும். அவற்றில் உறைதலுக்கான ஃபைப்ரினோஜென், வான் வில்லிபிராண்டு காரணி ஆகியவற்றோடு, வெள்ளணுக்களை அழைக்கும் கெமோகைன்களும் நுண்ணுயிரைக் கொல்லும் புரதங்களும் ஒன்றாகவே கலந்து கிடக்கின்றன. எண்ணிக்கையில் குறைவான அடர் சிறுமணிகளில் ஏடிபி, செரடோனின், கால்சியம், பாலிபாஸ்பேட் ஆகியவை உள்ளன. உறைதலுக்கு ஒரு பை, எதிர்ப்புக்கு ஒரு பை என்று தட்டணு பிரித்து வைத்துக்கொள்ளவில்லை என்பது கவனிக்கத்தக்கது. இந்தப் பொருள்களைத் தேர்ந்தெடுத்து வெளிவிடும் திறன் தட்டணுவுக்கு உண்டா என்பதில் மட்டும் ஆய்வாளர்களிடையே இன்னும் கருத்து வேறுபாடு இருக்கிறது.

இந்தத் துறையில் ஒரே ஒரு செய்தியைத்தான் நினைவில் வைத்துக்கொள்ளலாம் என்றால், தட்டணு தானே கொல்வதைவிட, கொல்லும் அணுக்களின் நடத்தையை மாற்றுவதே அதன் பெரிய வேலை என்பதைச் சொல்வேன். தூண்டப்பட்ட சில நிமிடங்களுக்குள் தட்டணுவின் புறப்பரப்பில் பி-செலெக்டின் என்ற புரதம் வெளிப்படுகிறது. நியூட்ரோஃபில், மோனோசைட் ஆகியவற்றின் மேல் எப்போதும் இருக்கும் ஒரு மூலக்கூறு அதைப் பற்றிக்கொள்கிறது. இது தளர்வான முதற்பிடி. அதன் விளைவாக நியூட்ரோஃபிலின் மேல் உள்ள மேக்-1 என்ற ஒட்டுப்புரதம் (இண்டெக்ரின் வகை) விழித்தெழுந்து, தட்டணுவின் மேல் உள்ள வேறொரு புரதத்தை இறுகப் பற்றுகிறது. இப்படித் தட்டணு ஒட்டிய நியூட்ரோஃபில், ஒட்டாத நியூட்ரோஃபிலைவிட எளிதாக இரத்தக் குழாய்ச் சுவரில் நின்று, திசுவுக்குள் நுழைந்து, ஆக்சிஜன் நச்சுகளை உமிழ்கிறது. 2014ஆம் ஆண்டில் எலிகளில் நடந்த ஓர் ஆய்வு இதன் இன்னொரு முகத்தைக் காட்டியது: குழாய்ச் சுவரில் வந்து நின்ற நியூட்ரோஃபில் ஒரு சிறு நீட்சியை இரத்த ஓட்டத்துக்குள் நீட்டி, தூண்டப்பட்ட தட்டணு ஏதேனும் அகப்படுகிறதா என்று துழாவுகிறது, அகப்பட்டால்தான் அடுத்த கட்டமாக ஊர்ந்து செல்லத் தொடங்குகிறது. குழாய்ச் சுவரும் ஓடும் இரத்தமும் ஆகிய இரண்டும் இங்கே ஏதோ நேர்ந்திருக்கிறது என்று ஒப்புக்கொண்ட பிறகே அந்த அணு முன்னேறுகிறது என்று நான் இதைப் பொருள்கொள்கிறேன்.

நுண்ணோக்கியில் பழகியவர்கள் இந்த இடத்தில் வேறொன்றை நினைக்கக்கூடும். இரத்தம் உறையாமல் தடுக்கும் ஈடிடிஏ என்ற வேதிப்பொருள் சேர்த்த குழாயில் எடுத்த இரத்தத்தைக் கண்ணாடியில் பூசிப் பார்க்கும்போது, சிலரின் நியூட்ரோஃபில்களைச் சுற்றித் தட்டணுக்கள் வளையமாக ஒட்டிக்கொண்டிருப்பது அரிதாகத் தென்படும். அது மேலே சொன்ன கூட்டுறவின் படம் என்று எண்ணிவிடக் கூடாது. அந்த வேதிப்பொருளின் முன்னிலையில் மட்டும் செயல்படும் ஆன்டிபாடியால் குழாய்க்குள் நேரும் செயற்கை விளைவு அது. அந்த மனிதரின் உடலுக்குள் அப்படி எதுவும் நடப்பதில்லை. எண்ணும் கருவி அந்தத் தட்டணுக்களைத் தவறவிட்டு எண்ணிக்கையைக் குறைத்துக் காட்டும் என்பதால், எதிர்பாராமல் குறைந்த ஓர் எண்ணைக் கண்டவுடன் பூச்சைக் கண்ணால் பார்ப்பதும், சிட்ரேட் என்ற வேறோர் உறைவெதிர்ப்புப் பொருள் உள்ள குழாயில் மறுபடி எடுத்துப் பார்ப்பதும் ஆய்வகத்தின் பழைய வழக்கம்.

நியூட்ரோஃபிலிடம் தட்டணு தூண்டிவிடும் செயல்களில் அதிகம் பேசப்படுவது வலை வீசுதல். நியூட்ரோஃபில் தன் உட்கருவின் டிஎன்ஏவையே இழைகளாக வெளியே எறிந்து, அதில் ஒட்டிய நச்சுப் புரதங்களோடு பாக்டீரியாவைப் பிடிக்கிறது என்பதை பெர்லினைச் சேர்ந்த ஆய்வாளர்கள் 2004ஆம் ஆண்டில் வெளியிட்டனர். 2007ஆம் ஆண்டில் வந்த இன்னோர் ஆய்வு, எண்டோடாக்சின் பட்ட தட்டணு, உறைகட்டியை உருவாக்கும்போது செய்வதுபோல ஒன்றோடொன்று திரளாமல், நியூட்ரோஃபிலில் போய் ஒட்டிக்கொண்டு சில நிமிடங்களில் வலையை வீச வைக்கிறது என்றும், கல்லீரல், நுரையீரல் ஆகியவற்றின் நுண்குழாய்களில் இது நடக்கிறது என்றும் காட்டியது. நியூட்ரோஃபிலுக்கு எண்டோடாக்சினை அறியும் ஏற்பி தன்னிடமே இருக்கிறது. இருந்தும் தட்டணு இடையில் நின்றால்தான் அது இவ்வளவு விரைவாக, இவ்வளவு தீவிரமாகச் செயல்படுகிறது. வலையை வீசிய நியூட்ரோஃபில் மீண்டும் பயன்படுவது அரிது. பக்கத்துத் திசுவும் சேதப்படும். ஆகவே தட்டணு இங்கே ஒரு வரம்புக் காவலராக, தொற்றின் கடுமை ஓர் எல்லையைத் தாண்டிவிட்டதைத் தெரிவிப்பதாகக் கருதப்படுகிறது. வீசப்பட்ட வலையில் டிஎன்ஏவோடு சேர்ந்து வரும் ஹிஸ்டோன் புரதங்கள் திரும்பவும் தட்டணுவைத் தூண்டுகின்றன. வலை இழைகளைப் பற்றி, உறைகட்டியின் இழைப்புரதமான ஃபைப்ரின் படிகிறது. நுண்குழாய் அடைபட்டு, நுண்ணுயிர் அப்பால் செல்ல முடியாமல் நிற்கிறது. நோயெதிர்ப்பின் பகுதியாகவே நிகழும் இந்த உறைதலுக்கு 2013ஆம் ஆண்டில் தனிப் பெயரிட்டு ஒரு கோட்பாடாக விளக்கினார்கள். இன்று இரத்தவியல் மாநாடுகளில் அது பொது வழக்காகிவிட்டது.

கல்லீரலில் நடப்பதும் இதற்கு நிகராகச் சுவையானது. இரத்தத்தில் வரும் பாக்டீரியாவைப் பிடிப்பதில் முதலிடம் வகிக்கும் குப்ஃபர் அணுக்கள் அங்கே குழாய்ச் சுவரில் குடியிருக்கின்றன. தொற்று இல்லாத காலத்திலும் தட்டணுக்கள் அவற்றை ஓரிரு நொடி தொட்டுவிட்டுச் செல்கின்றன. குப்ஃபர் அணு பாக்டீரியாவைப் பிடித்துவிட்டதென்றால், அதே தட்டணுக்கள் விலகாமல் அங்கேயே நின்று அதைச் சுற்றி மூடிக்கொள்கின்றன. 2013ஆம் ஆண்டில் உயிருள்ள எலியின் கல்லீரலை நுண்ணோக்கியில் பார்த்து இதைக் கண்டறிந்தனர். தட்டணுவின் அந்தப் பிடிக்குரிய புரதம் இல்லாத எலிகள் தொற்றைத் தாங்காமல் இறந்தன. 2017ஆம் ஆண்டில், தட்டணு ஒட்டிய இடத்திலேயே நின்றுவிடாமல் தானாக ஊர்ந்து, வழியில் ஃபைப்ரின்மேல் கிடக்கும் பாக்டீரியாவைச் சேர்த்துக் குவித்துத் தன் முதுகில் சுமந்து, நியூட்ரோஃபிலுக்கு எளிய இரையாக்குகிறது என்று காட்டப்பட்டது. காணொளிகளைப் பார்த்தால் நம்பாமல் இருக்க முடியாது. ஆனால் அடிபட்ட மனிதரின் குழாயில் இந்த ஊர்தல் எவ்வளவு நேரம், எவ்வளவு தூரம் நடக்கிறது என்பதை அளக்க இன்றைக்கு வழி இல்லை.

தட்டணு நேரடியாகக் கொல்கிறதா என்பதற்கு, கொல்ல முடியும் என்பது உறுதியான விடை. எவ்வளவு கொல்கிறது என்பது உறுதியில்லாத பகுதி. சிறுமணிகளிலிருந்து பிரித்தெடுத்த புரதங்கள் பாக்டீரியாவையும் பூஞ்சையையும் ஆய்வுக்குழாயில் கொல்கின்றன. இவற்றில் பிளேட்லெட் காரணி-4 என்ற புரதத்துக்குத் தனி வரலாறே உண்டு. மனிதத் தட்டணுக்கள் சிவப்பணுவுக்குள் ஒளிந்திருக்கும் மலேரியா ஒட்டுண்ணியைக் கொல்கின்றன என்று 2009ஆம் ஆண்டிலும், அதைச் செய்வது இந்தக் காரணி-4 என்றும் அது சிவப்பணுவின் மேல் டஃபி என்ற ஏற்பி இருந்தால்தான் உள்ளே செல்கிறது என்றும் 2012ஆம் ஆண்டிலும் அறிவித்தனர். ஆப்பிரிக்க மக்களில் மிகப் பலருக்குச் சிவப்பணுவில் டஃபி ஏற்பி இல்லை என்பதை இதோடு சேர்த்துப் பார்த்தால், இந்தக் காப்பு அவர்களுக்குக் கிடைக்காது என்ற சிக்கலான முடிவுக்கு அது கொண்டு செல்கிறது. இன்னொரு பக்கம், மலேரியா மூளையைத் தாக்கும் கட்டத்தில், ஒட்டுண்ணி புகுந்த சிவப்பணுக்களை மூளை நுண்குழாய்ச் சுவரில் ஒட்ட வைப்பதில் தட்டணுக்கள் துணைபோகின்றன என்பதற்கும் சான்றுகள் உள்ளன. தொடக்க நாள்களில் காப்பதும் முற்றிய நிலையில் கெடுப்பதும் ஒரே அணுவாக இருக்கலாம். இது மலேரியாவுக்கு மட்டும் உரிய செய்தியன்று.

அதிகம் பேசப்படாத, ஆனால் என் கருத்தில் மருத்துவத்துக்கு மிக நெருக்கமான வேலை ஒன்று இருக்கிறது. அழற்சி நேர்ந்த இடத்தில் நியூட்ரோஃபில்கள் குழாய்ச் சுவரைத் துளைத்துக்கொண்டு வெளியேறுகின்றன. அந்தத் துளைகள் வழியே இரத்தம் கசியாமல் காப்பது தட்டணுக்கள்தாம். 2008ஆம் ஆண்டில், தட்டணுக்களை நீக்கிய எலிகளின் தோலிலும் நுரையீரலிலும் அழற்சியை உண்டாக்கியபோது, அடிபடாமலே சில மணி நேரத்தில் அந்த இடங்களில் இரத்தக்கசிவு தோன்றியது. அழற்சி இல்லாத இடங்களில் அப்படி நேரவில்லை. வழக்கமான உறைகட்டி உருவாகாமலே, தனித்தனித் தட்டணுக்களே இந்தக் காவலைச் செய்கின்றன. ஒரே எண்ணிக்கை உள்ள இருவரில் காய்ச்சலில் கிடப்பவருக்கு இரத்தக்கசிவு நேர்வதும் காய்ச்சல் இல்லாதவருக்கு நேராமல் இருப்பதும் ஏன் என்பதற்கு ஓரளவு விளக்கம் இதில் கிடைக்கிறது.

இந்தக் கூட்டுறவு எல்லை மீறும்போது நேரும் கேடும் பெரிது. செப்சிஸ் என்ற கடும் தொற்று நிலையில், இடத்தளவில் நிற்க வேண்டிய உறைதல் உடல் முழுவதும் நுண்குழாய்களில் பரவி, உறுப்புகளுக்கு இரத்தம் போவதைத் தடுத்து, தட்டணுக்களையும் உறைதல் காரணிகளையும் தீர்த்துவிடுகிறது. ஹெப்பாரின் என்ற உறைவெதிர்ப்பு மருந்து பெறும் சிலருக்கு, அந்த மருந்தும் காரணி-4உம் சேர்ந்த கூட்டுப்பொருளுக்கு எதிராக ஆன்டிபாடி உருவாகி, தட்டணுக்கள் தூண்டப்பட்டு, எண்ணிக்கை குறையும் அதே வேளையில் பெரிய குழாய்களில் உறைகட்டியும் ஏற்படுகிறது. 2021ஆம் ஆண்டில், அடினோவைரஸ் அடிப்படையிலான கோவிட் தடுப்பூசிகளுக்குப் பிறகு மிக அரிதாகக் காணப்பட்ட உறைகட்டி நோயிலும் குற்றவாளி காரணி-4க்கு எதிரான ஆன்டிபாடியே. காரணி-4 நேர்மின்னூட்டம் மிகுந்த புரதம். எதிர்மின்னூட்டம் கொண்ட பாக்டீரியாப் பரப்பில் அது ஒட்டிக்கொள்ள, அந்தக் கூட்டமைப்பை ஆன்டிபாடி அடையாளங்காண்பது பழமையான காப்பு ஏற்பாடாக இருக்கலாம் என்றும், ஹெப்பாரின் தற்செயலாகப் பாக்டீரியாவின் இடத்தில் போய் நின்றுவிடுகிறது என்றும் ஒரு விளக்கம் உண்டு. அது நிறுவப்பட்டதன்று, ஆனால் எனக்கு இதுவரை கிடைத்த விளக்கங்களில் இதுவே மிகவும் பொருந்துகிறது. பாக்டீரியாக்களும் வாளாவிருப்பதில்லை: இதய வால்வில் குடியேறும் சில ஸ்ட்ரெப்டோகாக்கஸ், ஸ்டஃபைலோகாக்கஸ் இனங்கள் தட்டணுக்களைத் தம்மேல் திரள வைத்து, அந்தத் திரளுக்குள்ளேயே மருந்திடமிருந்தும் வெள்ளணுவிடமிருந்தும் ஒளிந்துகொள்கின்றன.

இவ்வளவையும் எழுதிய பிறகு இவற்றின் வரம்பைச் சொல்லாமல் விடுவது நேர்மையாகாது. முதலாவது, எலி. எலியின் இரத்தத்தில் ஒரு மைக்ரோலிட்டருக்குத் தட்டணுக்கள் பத்து லட்சம் அளவில் இருக்கின்றன; அதன் வெள்ளணுக்களில் நியூட்ரோஃபில்கள் சிறுபான்மை, மனிதரிலோ பெரும்பான்மை. மேலே சொன்ன ஆன்டிபாடி ஏற்பி எலித் தட்டணுவில் இல்லை. உறைதலை நடத்தும் நொதியான த்ராம்பினை உணரும் ஏற்பிகளும் இரண்டு உயிரினங்களிலும் வேறு வேறு. எலிக்குத் தட்டணுவை நீக்கியதால் நேர்ந்ததை மனிதருக்கு அப்படியே பொருத்துவது இதனால் இடர்ப்பாடானது. இரண்டாவது, தூய்மை. ஒரு வெள்ளணுவில் இருக்கும் ஆர்என்ஏ, ஒரு தட்டணுவில் இருப்பதைவிடப் பல ஆயிரம் மடங்கு. பிரித்தெடுத்த தட்டணுக்களுக்கு இடையே மிகச் சில வெள்ளணுக்கள் தங்கிவிட்டாலும், வெள்ளணுவின் பண்பைத் தட்டணுவின் பண்பாக எழுதிவிட முடியும். இண்டர்லூகின்-1 பீட்டா என்ற அழற்சிப் புரதத்தைத் தட்டணு தானே உருவாக்குகிறது என்று சில ஆய்வகங்களும், அதற்கு வேண்டிய உள் ஏற்பாடுகள் தட்டணுவில் இல்லை, வெள்ளணுக்களை அதை உருவாக்கத் தூண்டுவது மட்டுமே தட்டணுவின் பங்கு என்று வேறு சிலவும் எழுதுவதற்கு இதுவும் ஒரு காரணம். மூன்றாவது, தட்டணு எளிதில் தூண்டப்படும் பொருள். ஊசி குத்திய விதமும் குழாயை அசைத்த விதமும்கூட அதைத் தூண்டிவிடும். ஆய்வகத்தில் அதைக் கையாண்டவர்கள், தட்டணு பற்றிய எந்தப் புதிய செய்தியையும் மறு ஆய்வகம் ஒன்று உறுதி செய்யும் வரை சற்றுத் தள்ளி நின்றே படிப்பார்கள்.

இப்போது உங்கள் முதல் கேள்விக்கு வருகிறேன். காய்ச்சலில் தட்டணு எண்ணிக்கை குறைவது பெரும்பாலும் நோயெதிர்ப்பின் விளைவு. அவை வெள்ளணுக்களில் ஒட்டியும் நுண்குழாய்களில் தங்கியும் அடையாளமிடப்பட்டு நீக்கப்பட்டும் செலவாகின்றன. சில வைரஸ்கள் எலும்பு மஜ்ஜையின் உற்பத்தியையும் தற்காலிகமாகக் குறைக்கின்றன. ஆகவே 90,000 என்ற எண் உங்கள் எதிர்ப்பு ஓய்ந்துவிட்டதைக் காட்டுவதைவிட, அது நடந்துகொண்டிருந்ததைக் காட்டுவதற்கே வாய்ப்பு அதிகம். நியூட்ரோஃபில் 500க்குக் கீழே இறங்கியவரைத் தொற்று எந்நேரமும் தாக்கும் என்று மருத்துவமனை அஞ்சுகிறது; தன் உடலின் எதிர்ப்பே தட்டணுக்களை அழிப்பதால் அவற்றை இழந்து 10,000 அளவில் வாழும் நோயாளியிடம் அது அஞ்சுவது இரத்தக்கசிவுக்கே. அத்தகைய நோயாளிகளுக்குத் தொற்று ஓரளவு மிகுதி என்று சில கணக்கெடுப்புகள் சொல்கின்றன. அவர்கள் ஸ்டீராய்டு பெறுபவர்கள், சிலர் மண்ணீரலை நீக்கிக்கொண்டவர்கள் என்பதால், தட்டணுக் குறைவின் பங்கை அதிலிருந்து பிரித்தெடுப்பது கடினம். எலிகளில், தட்டணுக்களை மிகவும் குறைத்தால் கிளெப்சியெல்லா என்ற பாக்டீரியாவால் வரும் நிமோனியா கடுமையாகிறது என்பது காட்டப்பட்டிருக்கிறது. தீவிர சிகிச்சைப் பிரிவில் உறுப்புச் செயலிழப்பை மதிப்பிடும் சோஃபா அளவீட்டில் தட்டணு எண்ணிக்கைக்கும் இடம் உண்டு. 1,50,000க்குக் கீழே செல்லச் செல்ல மதிப்பெண் கூடும். செப்சிஸ் நோயாளிக்குத் தட்டணு குறைவது இறப்பின் முன்னறிகுறி என்பது உறுதி. குறைவுதான் இறப்பைக் கொண்டுவருகிறதா, நோயின் கடுமை இரண்டையும் கொண்டுவருகிறதா என்பது உறுதியன்று.

இதிலிருந்து எழும் இயல்பான எண்ணம், தட்டணுவை வெளியிலிருந்து ஏற்றினால் நல்லதுதானே என்பது. சோதனைகள் அதை ஆதரிக்கவில்லை. டெங்குவால் எண்ணிக்கை 20,000 அல்லது அதற்குக் கீழே இறங்கிய, இரத்தக்கசிவு இல்லாத பெரியவர்களிடம் சிங்கப்பூரிலும் மலேசியாவிலும் நடத்தி 2017ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வில், முன்கூட்டியே தட்டணு ஏற்றியது இரத்தக்கசிவைக் குறிப்பிடத்தக்க அளவு குறைக்கவில்லை, பக்கவிளைவுகள்தாம் கூடின. குறைமாதக் குழந்தைகளிடம் நடத்தி 2019ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வு இன்னும் துணுக்குறச் செய்தது: எண்ணிக்கை 50,000க்குக் கீழே வந்தவுடன் ஏற்றிய குழுவில் 26 சதவீதத்தினருக்கும், 25,000 வரை காத்திருந்த குழுவில் 19 சதவீதத்தினருக்கும் இறப்போ பெரும் இரத்தக்கசிவோ நேர்ந்தது. 20 முதல் 24 டிகிரி செல்சியஸில் நாள்கணக்கில் அசைத்து வைத்திருக்கும் பைக்குள் தட்டணுக்கள் அழற்சிப் பொருள்களை உமிழ்ந்துகொண்டே இருக்கின்றன என்பதை இரத்த வங்கியில் பணியாற்றியவர்கள் அறிவார்கள்; பெரியவரின் தட்டணு குழந்தையின் தட்டணுவைவிட எளிதில் தூண்டப்படுவதும் அறியப்பட்டதே. குழந்தைகளுக்கு நேர்ந்த கேட்டுக்கு இவை காரணமாக இருக்கலாம் என்பது ஊகம். கேடு நேர்ந்தது என்பது ஊகமன்று. இரத்தம் கசிந்துகொண்டிருப்பவருக்குத் தட்டணு ஏற்றுவது வேறு செய்தி. அங்கே அது உயிர் காக்கும்.

ஆஸ்பிரின் பற்றி. அது, தட்டணுக்களைத் திரளத் தூண்டும் த்ராம்பாக்சேன் என்ற பொருளைத் தட்டணுவில் உருவாக்கும் நொதியை மீள முடியாதபடி முடக்குகிறது. உட்கரு இல்லாததால் தட்டணு அந்த நொதியைப் போதிய அளவு மீண்டும் உருவாக்கிக்கொள்ள முடியாது. ஆகவே அந்த முடக்கம் அதன் ஆயுள் முழுவதும் நீடிக்கும். ஆனால் த்ராம்பின் வழியாகத் தூண்டப்படுவதும், பி-செலெக்டினை வெளிக்காட்டுவதும், நியூட்ரோஃபிலில் ஒட்டுவதும் இதனால் பெரும்பாலும் நின்றுவிடுவதில்லை. ஆஸ்பிரின் தொற்றுக்காலத்தில் கெடுக்கும் என்ற அச்சத்தோடு, அழற்சியைத் தணித்துக் காக்கும் என்ற நம்பிக்கையும் ஒரு காலத்தில் இருந்தது. பிரிட்டனை மையமாகக் கொண்டு நடந்த ரெகவரி ஆய்வில், கோவிட் தொற்றால் மருத்துவமனையில் சேர்ந்த ஏறத்தாழ 15,000 பேரில் பாதிப்பேருக்கு நாள்தோறும் 150 மில்லிகிராம் ஆஸ்பிரின் கொடுத்துப் பார்த்தார்கள். 28 நாள்களுக்குள் இறந்தவர்கள் இரு குழுவிலும் 17 சதவீதம். நுரையீரல் செயலிழப்பைத் தடுக்குமா என்று பார்த்து 2016ஆம் ஆண்டில் வெளியான ஆய்விலும், முதியோரின் செப்சிஸ் இறப்பைக் குறைக்குமா என்று பார்த்த ஆய்விலும் பயன் தென்படவில்லை. ஆஸ்பிரின் தொற்றைத் தடுக்கும் என்று நான் சொல்ல மாட்டேன். சிறிய அளவில் எடுப்பவருக்கு அது நோயெதிர்ப்பைக் குலைக்கும் என்று சொல்லவும் சான்று இல்லை.

உங்கள் நிலையில் ஆஸ்பிரினைப் பற்றிக் கேட்க வேண்டியது இரத்தக்கசிவு. டெங்குவாக இருக்கலாம் என்ற ஐயம் உள்ள காய்ச்சலில், காய்ச்சலுக்கோ வலிக்கோ ஆஸ்பிரின் எடுக்கக் கூடாது என்பது உறுதியான அறிவுரை. இதயத்துக்காக ஏற்கெனவே அதை எடுத்துவருபவர் எண்ணிக்கை குறையும்போது தொடர்வதா, சில நாள் நிறுத்துவதா என்பதற்கு ஒரே விடை கிடையாது: அண்மையில் இதயக் குழாயில் ஸ்டென்ட் வைத்தவருக்கு நிறுத்துவதே பெரிய இடர்; வெறும் முன்னெச்சரிக்கையாக எடுப்பவருக்குத் தொடர்வது இடராகலாம். அடுத்த முறை காய்ச்சல் வந்தால், தட்டணு எண்ணோடு, ஆஸ்பிரினை எதற்காக, எப்போதிருந்து எடுக்கிறீர்கள் என்பதையும் முதல் நாளே மருத்துவரிடம் சொல்லிவிடுங்கள். நீங்களாகவே அதை நிறுத்திவிட வேண்டாம்.